விளக்கை அணைத்தால் மட்டும் போதுமா?

நாடக ஆசிரியர் மறைந்தால் ரசிகர்கள் செய்ய வேண்டிய காரியம்

ஒரு பாடகர் இறந்து போனால், அவருடைய பாட்டு இருக்கிறது. இசைத்தட்டைச் சுழல விட்டால் குரல் கேட்கிறது.

ஒரு சினிமா நடிகர் இறந்து போனால், அவர் நடித்த படம் இருக்கிறது. ஓவியர் இறந்து போனால், அவர் தீட்டிய ஓவியம் சுவரில் தொங்குகிறது.

நாடகம் எழுதியவர் இறந்து போனால் என்ன இருக்கிறது?

அவர் எழுதிய காகிதம் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் இருப்பது நாடகம் ஆகுமா? சமையல் புத்தகத்தைப் படித்தால் பசி தீருமா? அடுப்பு மூட்ட வேண்டும். உலை வைக்க வேண்டும். இலை போட்டுப் பரிமாற வேண்டும். அப்போதுதான் அது சாப்பாடு.

நாடகமும் அப்படித்தான். திரை தூக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். நடிகர் பேச வேண்டும். எதிரே நாலு பேர் உட்கார்ந்து சிரிக்க வேண்டும், அழ வேண்டும். அப்போதுதான் அது நாடகம்.

ஆகையால், நாடகம் எழுதியவருக்கு இரண்டு மரணம் உண்டு. முதல் மரணம் அவர் மூச்சு நிற்கும்போது வருகிறது. இரண்டாவது மரணம், அவர் நாடகத்தை யாரும் நடிக்காமல் விட்டு விடும்போது வருகிறது.

முதல் மரணத்தை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவது மரணத்தைத் தடுக்க முடியும். அது ரசிகர்களின் கையில் இருக்கிறது.

ஒரே நாளில் இருவர்

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் 10-ந் தேதி. திங்கட்கிழமை.

அன்று காலையில் பெங்களூரில் இருந்து ஒரு துக்கச் செய்தி வந்தது. கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் காலமானார். அவருக்கு வயது 81. "யயாதி", "துக்ளக்", "ஹயவதனா", "நாகமண்டலா" ஆகிய நாடகங்களை எழுதியவர். ஞானபீடப் பரிசு பெற்றவர்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் சென்னையில் இருந்து இன்னொரு செய்தி. கிரேசி மோகன் காலமானார். அவருக்கு வயது 66. திடீரென மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைக்கவில்லை.

ஒருவர் புராணத்தையும் சரித்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஆழமான கேள்விகளைக் கேட்டவர். மற்றவர் நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தை எடுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். ஒருவர் கன்னடம். மற்றவர் தமிழ். இரண்டு பேரும் மேடையை நம்பி வாழ்ந்தவர்கள். ஒரே நாளில் போய் விட்டார்கள்.

கர்னாடின் இறுதிச் சடங்கில் ஆடம்பரம் இல்லை. அரசு மரியாதை வேண்டாம் என்று குடும்பத்தினர் சொல்லி விட்டார்கள். அவருடைய விருப்பம் அது. அமைதியாகத் தகனம் நடந்தது.

சென்னையில் நடந்தது வேறு. தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் கிரேசி மோகன் வசனம் எழுதிய சினிமாக்களின் நகைச்சுவைக் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. வீடு வீடாக ஜனங்கள் பார்த்தார்கள். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், "இப்படி எழுதியவர் இனி இல்லையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு விதமான துக்கமும் உண்மையான துக்கம்தான். ஆனால், இரண்டுமே ஒரு நாள் துக்கம். மறுநாள் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தேனாம்பேட்டையைச் சுற்றி

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்குச் சென்னையில் தேனாம்பேட்டையை விட நல்ல இடம் இல்லை.

அண்ணா சாலையில் போகிறவர்கள் அங்கே காமராஜர் அரங்கத்தைப் பார்த்திருப்பார்கள். அங்கே இருந்து கிளம்பினால் ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா. தியாகராய நகரில் வாணி மகால். மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப். எல்லாம் பஸ் ஏறி இறங்கும் தூரம்தான். சென்னையின் சபா நாடகம் வளர்ந்தது இந்த வட்டாரத்தில்தான்.

மாலையில் ஆபீஸ் விட்டு வந்தவர் முகம் கழுவிக்கொண்டு, மனைவி மக்களை அழைத்துக்கொண்டு நாடகம் பார்க்கப் போவார். மேடையில் நடிப்பவர்களும் பகலில் ஆபீசில் வேலை பார்த்தவர்கள்தான். மாலையில்தான் அவர்கள் நடிகர்கள்.

தேனாம்பேட்டையில் கணக்காயர் அலுவலகம் இருக்கிறது. "ஏ.ஜி. ஆபீஸ்" என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர்தான் கே. பாலசந்தர். தஞ்சைத் தரணியில் நன்னிலம் பக்கத்தில் இருந்து வந்தவர். பகலில் கணக்குப் புத்தகம், இரவில் நாடக நோட்டு என்று இருந்தவர். "மேஜர் சந்திரகாந்த்", "சர்வர் சுந்தரம்", "நீர்க்குமிழி", "எதிர் நீச்சல்" எல்லாம் முதலில் மேடையில் வந்தவை. பிறகுதான் சினிமா ஆயின.

பாலசந்தர் 2014-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி காலமானார். பத்திரிகைகள் எல்லாம் "சினிமா டைரக்டர் மறைந்தார்" என்று எழுதின. அது சரிதான். ஆனால் "நாடக ஆசிரியர் மறைந்தார்" என்று அழுதவர்கள் எத்தனை பேர்? படங்களைப் பற்றிப் பேசினார்கள். மேடையைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான்.

இதுதான் தமிழ் நாடக ஆசிரியர்களின் தலைவிதி. சினிமா அவர்களுக்குப் புகழ் கொடுக்கிறது. அதே சினிமா அவர்களுடைய நாடகத்தை மறைத்தும் விடுகிறது.

பள்ளிக்கூட டீச்சரின் பெயர்

கிரேசி மோகனுக்கும் அதே ஆபத்து இருக்கிறது.

அவர் 1952-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி பிறந்தார். மந்தைவெளிக்காரர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிகல் என்ஜினீயரிங் படித்தார். கல்லூரியில் படிக்கும்போதே நாடகம் எழுதினார். 1976-ம் ஆண்டில் எஸ்.வி. சேகரின் நாடகக் குழுவுக்கு "கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்" என்று ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தார். நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது. மோகன் "கிரேசி மோகன்" ஆனார்.

1979-ம் ஆண்டில் "கிரேசி கிரியேஷன்ஸ்" என்ற சொந்தக் குழு பிறந்தது. தம்பி பாலாஜிதான் கதாநாயகன். அவர் ஏற்ற வேடத்தின் பெயர் மாது. வேடத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அவர் மாது பாலாஜிதான்.

அந்த நாடகங்களில் கதாநாயகியின் பெயர் எப்போதும் ஜானகி. இது என்ன, வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. ஜானகி என்பது பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, மேடை ஏற்றி, உற்சாகப்படுத்திய டீச்சரின் பெயர். ஒவ்வொரு நாடகத்திலும் அந்தப் பெயரை வைத்து நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு சிஷ்யன் குருவுக்குச் செய்யும் மரியாதை எப்படி இருக்க வேண்டும் என்பதை இதில் இருந்து கற்றுக்கொள்ளலாம். அவர் டீச்சருக்குச் சிலை வைக்கவில்லை. மண்டபம் கட்டவில்லை. திரை தூக்கும் போதெல்லாம் அந்தப் பெயரை உயிரோடு மேடையில் நடமாட விட்டார்.

"மேரேஜ் மேட் இன் சலூன்", "மாது பிளஸ் டூ", "மீசை ஆனாலும் மனைவி", "ஜுராசிக் பேபி", "சாக்லேட் கிருஷ்ணா" என்று நாடகங்கள் வரிசையாக வந்தன. "மேரேஜ் மேட் இன் சலூன்" நாடகத்தைப் பாலசந்தர் 1983-ம் ஆண்டில் "பொய்க்கால் குதிரை" என்று படமாக எடுத்தார்.

பிறகு சினிமாவும் அழைத்தது. "அபூர்வ சகோதரர்கள்", "மைக்கேல் மதன காம ராஜன்", "சதிலீலாவதி", "அவ்வை சண்முகி", "தெனாலி", "பஞ்சதந்திரம்", "வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்." என்று அவர் வசனம் எழுதிய படங்களைச் சொல்லி முடியாது. கல்யாண வீட்டு சாம்பாரில் மீன் விழுந்த காட்சியை நினைத்தால் தாத்தாவுக்கும் சிரிப்பு வரும், பேரனுக்கும் சிரிப்பு வரும்.

அவருடைய நகைச்சுவைக்கு ஒரு குணம் உண்டு. யாருடைய மனத்தையும் புண்படுத்தாது. ஆபாசம் கிடையாது. பாட்டி, மருமகள், பேத்தி மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வெட்கப்பட வேண்டாம்.

இது சுலபமான காரியம் அல்ல. சேற்றை அள்ளி வீசினால் எவனும் சிரிக்க வைக்கலாம். ஒரு சொல்லை எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, அதற்குள் இருந்து இன்னொரு பொருளை எடுத்துக் காட்டிச் சிரிக்க வைப்பதற்குத் தமிழ் தெரிய வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. வெண்பா எழுதுவார். ஓவியமும் வரைவார்.

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிராட்வே என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே நாடகக் கொட்டகைகள் நெருக்கமாக இருக்கின்றன. வாசலில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள் எரியும்.

பெரிய நாடக ஆசிரியர் யாராவது காலமானால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாலையில் நாடகம் தொடங்குவதற்கு முன்னால், கொட்டகை வாசல்களில் உள்ள விளக்குகளை ஒரு நிமிடம் மங்கச் செய்வார்கள். தெருவே இருண்டு போகும். ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி விளக்கு எரியும். நாடகம் தொடங்கி விடும்.

ஆர்தர் மில்லர் என்ற நாடக ஆசிரியர் காலமானபோதும் அப்படிச் செய்தார்கள். அவர் எழுதிய புகழ் பெற்ற நாடகத்தின் பெயர் "ஒரு விற்பனையாளனின் மரணம்". ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் ஒரு கிழவனின் கதை. வயதான காலத்தில் முதலாளி அவனை வேலையை விட்டு நீக்குகிறான். தான் செத்தால் இன்சூரன்ஸ் பணமாவது குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று அவன் உயிரை விடுகிறான். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை மனைவி கட்டி முடிக்கிறாள். வீடு சொந்தமாகி விட்டது. அதில் வாழ அவன் இல்லை.

இந்த நாடகம் பிராட்வேயில் முதன் முதலாக நடந்த தேதி 1949-ம் ஆண்டு பிப்ரவரி 10. ஆர்தர் மில்லர் இறந்த தேதி 2005-ம் ஆண்டு பிப்ரவரி 10. சரியாக 56 வருடம் கழித்து, அதே தேதியில் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 89. அந்த நாடகம் இன்றும் உலகம் முழுவதும் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கிரேசி மோகனின் "சாக்லேட் கிருஷ்ணா" நாடகத்தில் வரும் மாதுவும் ஒரு விற்பனையாளன்தான். சாக்லேட் விற்கிறவன். அவனுக்கும் பணக் கஷ்டம், வீட்டுக் கஷ்டம். ஆனால் அவன் சாகவில்லை. கூப்பிட்ட குரலுக்குக் கிருஷ்ண பரமாத்மாவே வந்து விடுகிறார். சபை சிரிக்கிறது.

ஒருவர் அழ வைத்தார். ஒருவர் சிரிக்க வைத்தார். இருவரும் பார்த்தது ஒரே மனிதனைத்தான். மாதக் கடைசியில் பர்சைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடும் மனிதனை.

கொட்டகைக்குப் பெயர் வைத்தார்கள்

அமெரிக்கர்கள் விளக்கை அணைப்பதோடு நின்று விடவில்லை.

நீல் சைமன் என்று ஒரு நகைச்சுவை நாடக ஆசிரியர் இருந்தார். ஒரு காலத்தில் அவர் எழுதிய நாடகங்கள் நான்கு, ஒரே சமயத்தில் பிராட்வேயில் நடந்தன. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1983-ம் ஆண்டில், ஒரு கொட்டகைக்கு அவர் பெயரை வைத்து விட்டார்கள். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் காலமானார்.

ஆகஸ்ட் வில்சன் என்பவர் கறுப்பு இனத்தில் பிறந்தவர். 20-ம் நூற்றாண்டில் பத்து வருடத்துக்கு ஒரு நாடகம் என்று, தம் மக்களின் வாழ்க்கையைப் பத்து நாடகங்களில் எழுதி முடித்தார். 2005-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி இறந்தார். இரண்டே வாரத்தில் பிராட்வே கொட்டகை ஒன்று அவர் பெயரைத் தாங்கியது.

தமிழ்நாட்டிலும் பெயர் வைக்கும் பழக்கம் உண்டு. சென்னையில் அவ்வை சண்முகம் சாலை இருக்கிறது. அவ்வை வேடம் போட்டுப் புகழ் பெற்ற டி.கே. சண்முகத்தின் பெயரில் உள்ள சாலை அது. சாலைக்குப் பெயர் வைத்தது நல்லதுதான். ஆனால், அந்தச் சாலையில் தினம் போய் வரும் பிள்ளைகளிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்? "அவ்வை சண்முகி" என்ற சினிமாதான் அவர்களுக்கு நினைவுக்கு வரும்.

"பம்மல் கே. சம்பந்தம்" என்று 2002-ம் ஆண்டில் ஒரு படம் வந்தது. அதற்கும் வசனம் கிரேசி மோகன்தான். அந்தப் பெயரைக் கேட்டதும், பம்மல் சம்பந்த முதலியாரை நினைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

அவர் 1873-ம் ஆண்டில் பிறந்தவர். 1891-ம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகம் ஆடுவதைக் கேவலமாகப் பேசிய காலம் அது. அந்தக் காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடை ஏற்றினார். தாமும் நடித்தார். பிறகு நீதிபதி ஆனார். அப்போதும் நாடகத்தை விடவில்லை. "மனோகரா" அவர் எழுதியது. 1941-ம் ஆண்டில் வந்து எல்லோரையும் சிரிக்க வைத்த "சபாபதி" படமும் அவருடைய நாடகம்தான். 1964-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார்.

சபா நாடகம் என்ற வீட்டுக்குக் கடைக்கால் போட்டவர் அவர். அந்த வீட்டில் பாலசந்தர் குடி இருந்தார். கிரேசி மோகன் குடி இருந்தார். கடைக்கால் போட்டவரின் நாடகத்தைச் சென்னையில் இன்று எங்கே பார்ப்பது? படமாக வந்தது மட்டும் நினைவில் நிற்கிறது. மேடை மறந்து விட்டது.

சுவாமிகள் சாகவில்லை

இதற்கு நேர்மாறான கதை ஒன்று உண்டு. அதைப் படித்தால் மனத்துக்குத் தெம்பு வரும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ம் ஆண்டில் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அவரைப் போற்றுகிறார்கள். சிறுவர்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் நடிப்பும் சொல்லிக் கொடுத்தார். டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் அவரிடம் பயின்ற பிள்ளைகள்தான். "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகம் சொல்லும்.

கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. ஆயிரம் பேருக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவருக்குப் பேச முடியவில்லை! 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார்.

அவர் போய் நூறு வருடம் தாண்டி விட்டது. அவர் எழுதியவற்றில் பல அச்சாகாமலே அழிந்து போயின. ஆனால், மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோவில் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். விடிய விடிய "வள்ளி திருமணம்" நடக்கும். சுவாமிகளின் நாடகம்தான்!

அதற்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊரில் இருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறு ஊரில் இருந்து வருவார். பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியம் மற்றொரு ஊர். அவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது இல்லை. சில பேர் மேடையில்தான் முதல் தடவையாகச் சந்திப்பார்கள். இருந்தாலும் நாடகம் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடும்.

எப்படி முடிகிறது? எல்லோருக்கும் சுவாமிகளின் பாட்டும் கதைப் போக்கும் மனப்பாடம். அதுதான் அவர்களைச் சேர்த்து வைக்கிறது.

சுவாமிகளின் சமாதி புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நடிகர்கள் அங்கே சென்று வணங்குகிறார்கள். ஆனால், அவருக்கு உண்மையான அஞ்சலி சமாதியில் நடக்கவில்லை. பொட்டலில் போட்ட மேடையில், பாய் விரித்து உட்கார்ந்த ஜனங்களுக்கு நடுவே நடக்கிறது.

நடிக்கிறவன் இருக்கும் வரை, எழுதினவன் சாவது இல்லை.

அந்தக் காலத்து நாடகம் எதற்கு?

"பழைய நாடகத்தை இன்று யார் பார்ப்பார்கள்? அதில் வரும் டெலிபோன் கூட இப்போது இல்லையே!" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். டெலிபோன் மாறலாம். மாமியார் மருமகள் மாறினார்களா? கடன் கொடுத்தவனைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் மனிதன் மாறினானா? பொய்யை மறைக்க இன்னொரு பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவன் மாறினானா?

கோமல் சுவாமிநாதன் "தண்ணீர் தண்ணீர்" என்று ஒரு நாடகம் எழுதினார். குடிதண்ணீர் இல்லாத ஒரு வறண்ட கிராமத்தின் கதை. 1981-ம் ஆண்டில் பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். கோமல் 1995-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். பல வருடம் கழித்து அவருடைய மகள் தாரிணி கோமல் முன்னால் வந்து, அப்பாவின் நாடகங்களை மறுபடி மேடை ஏற்றினார்.

அந்த நாடகம் பழையதாகி விட்டதா? கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய சென்னைவாசிகளைக் கேட்டால் தெரியும். கிரேசி மோகன் மறைந்த அதே 2019-ம் ஆண்டுக் கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு கிடந்தன. தண்ணீர்ப் பஞ்சத்தில் நகரம் தவித்தது.

"அதுதான் வீடியோ படமாக எடுத்து வைத்திருக்கிறார்களே, அது போதாதா?" என்று வேறு சிலர் கேட்பார்கள்.

எடுத்து வைத்தது நல்ல காரியம். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், கல்யாணப் படத்தைப் பார்ப்பதும் கல்யாணத்துக்குப் போவதும் ஒன்றா? செல்போனில் பார்க்கிறவன் தனியாகச் சிரிக்கிறான். சபையில் பார்க்கிறவன் ஐந்நூறு பேரோடு சிரிக்கிறான். பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பதைப் பார்த்து இவனுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பைக் கேட்டு, நடிகர் அரை நிமிடம் நிறுத்திப் பேசுகிறார். நாடகம் பாதி மேடையில் நடக்கிறது; பாதி நாற்காலியில் நடக்கிறது.

என்ன செய்யலாம்?

துக்கம் வந்தால் நாலு நல்ல காரியம் செய்வது தமிழர் வழக்கம். பெரியவர் ஒருவர் போனால் அவர் பெயரால் அன்னதானம் செய்கிறார்கள். நாடக ஆசிரியர் போனால் அவர் பெயரால் நாடகம் போட வேண்டும்.

முதலாவது, சபாக்கள். நினைவு நாள் என்றால் மேடையில் பத்து நாற்காலி போட்டு, பத்து பேர் பேசுகிறார்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டு, மறைந்தவரின் நாடகத்தில் இருந்து ஒரு காட்சியாவது நடிக்கச் சொல்லலாம். வருடத்துக்கு ஒரு வாரம் பழைய நாடகங்களுக்கு என்று ஒதுக்கலாம். ஒரு நாள் பம்மல், ஒரு நாள் பாலசந்தர், ஒரு நாள் கோமல், ஒரு நாள் கிரேசி மோகன்.

இரண்டாவது, பள்ளிக்கூடங்கள். ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டுக்கு ஆட விடுகிறார்கள். இருபது நிமிட நாடகம் ஒன்றும் போடலாம். மேடையில் நின்று வசனம் பேசிய பிள்ளைக்குத் தமிழ் உச்சரிப்பு திருந்தும். கூச்சம் போகும். ஒரு ஜானகி டீச்சர் ஒரு பையனை மேடை ஏற்றியதால் தமிழ்நாட்டுக்கு ஒரு கிரேசி மோகன் கிடைத்தார். அதை எந்த ஆசிரியரும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, அச்சுப் புத்தகம். சுவாமிகளின் நாடகங்களில் பல அழிந்ததற்குக் காரணம், அச்சில் வராததுதான். குழுவின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் நாடகம், கரையானுக்கு இரை ஆகி விடும். மலிவு விலையில் அச்சிட்டு, நூலகங்களில் வைக்க வேண்டும்.

நான்காவது, உரிமை. நாடகத்தை எடுத்து நடிக்கிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் அந்த எழுத்தின் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு உண்டு. அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும். எழுதினவர் குடும்பத்தை ஏமாற்றி விட்டு, எழுதினவருக்கு அஞ்சலி என்று சொன்னால் அது அஞ்சலி ஆகாது.

பம்மல் சம்பந்த முதலியார் 1964-ல் இறந்தார். அந்த 60 வருடக் கணக்கு 2024-ம் ஆண்டோடு முடிந்து விட்டது. இன்று அவர் நாடகத்தை எந்த ஊரில் எவர் வேண்டுமானாலும் நடிக்கலாம். யாரையும் கேட்க வேண்டியது இல்லை. பூட்டு திறந்து கிடக்கிறது. உள்ளே போக ஆள் வேண்டும்.

குடும்பத்தின் கடமை

கடைசியாக, ஆனால் எல்லாவற்றையும் விட முக்கியமாக, குடும்பங்கள்.

கிரேசி மோகன் இறந்த பிறகு அவருடைய குழு கலைந்து போகவில்லை. தம்பி மாது பாலாஜி குழுவைத் தொடர்ந்து நடத்தினார். அண்ணன் எழுதிய வசனத்தை, அண்ணன் இல்லாத மேடையில் நின்று பேசினார். பக்கத்தில் நின்று நடித்த அண்ணன் இல்லை. ஆனாலும் சபையைச் சிரிக்க வைக்க வேண்டும். அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! துக்கத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மற்றவரைச் சிரிக்க வைக்கிறவருக்கு ஊர் செய்யும் உதவி ஒன்றுதான். போய் எதிரே உட்கார வேண்டும்.

கிரேசி மோகன் மறைந்த அன்று ஜனங்கள் செல்போனில் அவருடைய ஜோக்குகளை ஒருவருக்கு ஒருவர் அனுப்பினார்கள். அது பாசம்தான். ஆனால் ஜோக்கை அனுப்புவதற்குக் காசு செலவு இல்லை, கால் வலி இல்லை. நாடகத்துக்குப் போவதற்கு டிக்கெட் வாங்க வேண்டும், பஸ் ஏற வேண்டும். அந்தக் கஷ்டம்தான் நாடகக்காரனுக்குச் சோறு போடுகிறது.

வருடத்துக்கு ஒரு முறை போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தாத்தா, பாட்டி, பிள்ளை, மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் கிளம்பி ஒரு தமிழ் நாடகத்துக்குப் போகட்டும். பேரனுக்கு முதல் பத்து நிமிடம் பொறுமை இருக்காது. பதினொன்றாவது நிமிடம் அவனே சிரிப்பான். வீட்டுக்குத் திரும்பும்போது, "இதை எழுதினது யார் தாத்தா?" என்று கேட்பான்.

அந்தக் கேள்விதான் அஞ்சலி.

பிராட்வேயில் ஒரு நிமிடம் விளக்கை மங்கச் செய்கிறார்கள். அதைப் பார்த்து அந்த ஊர் கலங்குகிறது. என்ன காரணம்? மற்ற நாள் எல்லாம் அங்கே விளக்கு எரிகிறது. தினம் எரியும் விளக்கை அணைத்தால்தான் அது துக்கம். எப்போதும் இருண்டு கிடக்கும் கொட்டகையில் அணைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஆகவே, தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும், மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும், நாடக மேடையின் விளக்கு முதலில் எரியட்டும். நாடகம் எழுதி விட்டுப் போனவர்கள் கேட்பது அதைத்தான்.